துரையின் படகில் ஓர் ஓட்டை

நான் கப்பல் கட்டியவன் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலை இளைஞர்கள் மத்தியில் ஒரு பேச்சு உலவுகிறது. ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவனைப் பற்றி ஏதாவது உலவத்தான் செய்யும். குடிகாரன் என்று உலவாமல் கப்பல்காரன் என்று உலவுவதில் எனக்கு வருத்தம் இல்லை. போன மாதம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"ஐயா, நீங்க கட்டுன கப்பல் எந்தக் கடல்ல ஓடுச்சுங்க?"

கடல் எங்களுக்கு ஆறாயிரம் அடி கீழே இருக்கிறது. இலங்கை மலைநாட்டுக் கந்தப்பளையில் பிறந்தவன் அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்க ரயிலில் இறங்க வேண்டும்.

"கப்பல் இல்லப்பா, படகு. கட்டவும் இல்ல. அதுக்குள்ள இருந்த ஒரு பலகைச் சுவர மாத்துனோம்" என்றேன்.

இருவர் முகமும் விழுந்துவிட்டது. பாதி வழியில் இன்னொருவரிடம் போய்க் கப்பலையே கேட்டுக்கொள்வார்கள் என்று தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். இதில் கப்பல் வேண்டுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்த கதை இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோட்டத்துப் பள்ளியில் ஐந்து, பிறகு ஹட்டனில் ஒரு சித்தப்பா வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு வரை. அத்தோடு என் படிப்பு முடிந்தது. ஆனால் என் அப்பாவின் பெருமை முடியவில்லை. "எம் மவனுக்கு இங்கிலீசு தெரியும்" என்று அவர் சொல்லாத ஆள் எங்கள் லயத்து வரிசைக் குடியிருப்பில் இல்லை. அந்த இங்கிலீஷைக் கொண்டு தோட்டத்தில் எந்த வேலையும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் தொழிற்சாலைத் தச்சுப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். மண்வெட்டியும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் பிடிக்காமல் கூரைக்கு அடியில் நின்று சம்பாதித்த முதல் ஆளும் எங்கள் குடும்பத்தில் நான்தான். இரண்டு முதலிடம். நான் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டேன். வேலைக்குத் தலைமுடி சீவிக்கொண்டு போவேன்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கொழுந்து வாட்டும் தட்டுகளைச் செப்பனிடுவோம், கதவு மாற்றுவோம். மிச்ச நேரமெல்லாம் தேயிலைப் பெட்டி. பெட்டிக்குள்ளே மெல்லிய ஈயத்தகட்டை விரித்து, மூலைகளைப் பற்றவைத்து, காற்றுகூட நுழையாதபடி மூடுவதுதான் எங்கள் கலை. ஈரம் என்பது எங்களுக்குச் சத்துரு. அது எப்போதும் வெளியிலிருந்துதான் வரும், அதை வெளியிலேயே நிறுத்த வேண்டும். இதைத் தவிர வேறு தத்துவம் எங்களுக்குத் தெரியாது.

பட்டறைக்குத் தலைவர் ராமலிங்க ஆசாரி. ஒல்லியான மனிதர். காதில் பென்சில், இடுப்பில் வெற்றிலைப் பை. அவர் ஆட்களைத் திட்டமாட்டார், பலகையைத்தான் திட்டுவார். நான் கோணலாக அறுத்துவிட்டால் என்னை ஏறிட்டும் பார்க்காமல் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, "ஏம்மா, ஒன்ன நேரா வளத்து அனுப்பிச்சாங்களே, இங்க வந்து கெட்டுப்போயிட்டியே" என்பார். பட்டறையே சிரிக்கும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "எட்டாப்பு" என்பார். எட்டாம் வகுப்புப் படித்தவன் என்பதன் சுருக்கம். இரண்டு பலகை சேரும் இடத்தில் சிகரெட் சுற்றுகிற தாளைச் செருகிப் பார்ப்பார். தாள் நுழைந்தால் அதை என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போவார். முதல் மாதத்தில் நான் ஒரு பெட்டி சிகரெட் சுற்றும் அளவுக்குத் தாள் சேர்த்தேன்.

எங்கள் பெரிய துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கத்துகிறவர் இல்லை. மற்றத் தோட்டத்துத் துரைமார் கத்துவார்கள், பூட்ஸ் காலால் வாளியை உதைப்பார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் புகைபிடிக்கிற சுங்கானை வாயிலிருந்து எடுத்து, அதன் காம்பால் காட்டுவார். அவ்வளவுதான். தமிழ் நன்றாகத் தெரியும் என்று அவருக்கு ஒரு எண்ணம். துரைமாருக்கென்று இருக்கும் தமிழ் அது: வா, போ, எடு, போடு, சுருக்கா. உலகத்தில் உள்ள எல்லாச் சங்கதியையும் அவர் ஏவலில் சொல்லி முடித்துவிடுவார். கேள்வி கேட்க அந்தத் தமிழில் இடம் இல்லை. ஆகவே கேள்விக்குப் பதில் சொல்லவும் இடம் இல்லை.

நாங்களும் அவரிடம் நேரே எதையும் கேட்கமாட்டோம். அது தோட்டத்து வழக்கம். கையாளுக்குச் சந்தேகம் வந்தால் ஆசாரியிடம் சொல்ல வேண்டும். ஆசாரி டீமேக்கர் ஐயாவிடம் சொல்வார். டீமேக்கர் என்றால் தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர். கோட்டும் தொப்பியும் போட்ட, எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்கிற மனிதர். அவர் சின்ன துரையிடம் சொல்வார். சின்ன துரை சீமையிலிருந்து புதிதாக வந்த இளைஞர். காது எப்போதும் சிவந்திருக்கும், எதற்கும் "ரைட்டோ" என்பார். அவர் பெரிய துரையிடம் சொல்வார். பதில் அதே படிகளில் இறங்கி வரும். உயிர் போகிற அவசரமானாலும் படி தாண்டக்கூடாது. போன உயிர் படியில் காத்திருக்கும்.

அது தேயிலை விலை விழுந்த காலம். பல தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். பெட்டிப் பலகையை அளவாக அறுத்தே கொழும்பிலிருந்து அனுப்புகிறார்கள், இனிப் பட்டறை எதற்கு என்று ஒரு பேச்சு எங்கள் தோட்டத்திலும் வந்தது. ஒரு நாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வரிசையில் நின்று வேலை பிரிக்கும் நேரத்தில், பெரிய துரை ஆசாரியைச் சுங்கானால் காட்டிக் கூப்பிட்டார்.

"என் படகு வா. சுவர் கெட்டுப்போ. புதுசு போடு. ஏப்ரல் ரேஸ். படகு ஓடு, பட்டறை இரு. படகு இல்லே, பட்டறை இல்லே."

இலக்கணம் கொஞ்சம் இப்படி அப்படி இருந்தாலும் பொருள் எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்தது. பட்டறை இல்லை என்றால் ஆசாரிக்குப் பத்துச்சீட்டு. வேலையிலிருந்து விலக்கும் அந்தச் சீட்டு கைக்கு வந்தால் லயத்து அறையையும் காலி செய்ய வேண்டும். கைக்குழந்தையாக இந்தியாவின் மண்டபம் முகாம் வழியாகக் கடல் தாண்டி வந்த மனிதர் அவர். திரும்பிப் போனால் அவரை அடையாளம் காண அங்கே ஒரு நாய்கூடக் கிடையாது. மனைவி, மூன்று பெண்பிள்ளைகள். எனக்கு? எனக்கு மலை. தலைமுடி சீவிக்கொண்டு கவ்வாத்து வெட்டப் போக வேண்டியதுதான்.

படகு நானுஓயா ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கியது. துரை அதைக் கொழும்பில் யாரோ ஊருக்குப் போகிற வெள்ளைக்காரரிடம் வாங்கியிருந்தார். அது ஓடவேண்டிய இடம் நுவரெலியா ஏரி. ஏரிக்கரையிலேயே வைத்து வேலை செய்யலாம். ஆனால் வேலை செய்கிற இடம் பட்டறை என்று வழக்கம் இருக்கிறதே! ஆகவே ஏரியைத் தாண்டி, எங்கள் தோட்டம் வரை லாரியிலும், லாரி ஏறாத மேட்டில் ஆட்களின் தோளிலும் அதைக் கொண்டுபோனோம். பழக்கம் யாரை விட்டது? தோளில் கனம் ஏறியதும் ஆட்கள் மாசி மகச் சப்பரம் தூக்குகிற நடை நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ "அரோகரா" என்றான். லயத்துப் பெண்கள் ஓடிவந்து பாதையில் தண்ணீர் தெளித்தார்கள். ஒரு கிழவர் தேங்காயும் உடைத்துவிட்டார். பெரிய துரை குதிரையில் பின்னால் வந்தவர், மரியாதை தமக்குத்தான் என்று நினைத்துத் தொப்பியைத் தொட்டார்.

படகை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு டீமேக்கர் ஐயா "பார்ப்போம்" என்றார். பார்த்துவிட்டு, தேயிலை உலர்த்தும் அறைக்குப் பக்கத்து மண்டபத்தைக் காட்டினார். மழை படாத இடம், சூடான இடம். ஈரம் சத்துரு அல்லவா!

இனி வேலையைச் சொல்கிறேன். அந்தப் படகில் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மேலே பலகை மூடியிருந்தது. பாய்மரம் அந்த மூடியின் கடைசியில் நின்றது. அதற்கு நேர் பின்னால், படகின் அகலத்துக்குக் குறுக்கே, அடியிலிருந்து மேல் வரை ஒரு பலகைச் சுவர். துரைமார் அதைப் பல்க்ஹெட் என்பார்கள். நாங்கள் குறுக்குச் சுவர் என்றோம். பாய் இழுக்கிற இழுப்பில் பாய்மரம் படகைப் பிளக்கப் பார்க்கும். இரண்டு பக்கமும் உள்ளே நொறுங்காமலும் வெளியே விரியாமலும் பிடித்து நிறுத்துவது அந்தச் சுவர்தான். அதன் அடி உளுத்துப்போயிருந்தது. ஆசாரி உளியை வைத்து லேசாக அழுத்தினார். ஈரக் கேக்கில் போவதுபோலப் போனது.

"கழட்டிரலாமுங்களா?" என்று சுத்தியலைத் தூக்கினேன்.

"தூக்கு. தூக்கிட்டு, படகு ரெண்டு பக்கமும் விரிஞ்சு ஒன்னப் பாத்துச் சிரிக்கும். அப்புறம் நீயும் அதும் சிரிச்சுக்கிட்டே இருங்க" என்றார் ஆசாரி.

சுவரை எடுக்கும் முன் அதற்கு முன்னும் பின்னும் குறுக்குச் சட்டங்களை அடித்துப் படகின் வயிற்றை இறுக்கினோம். வெளியே கயிறு சுற்றி, கயிற்றுக்குள் தடியைக் கொடுத்து முறுக்கிக் கட்டினோம். அதன் பிறகுதான் பழைய சுவர் வெளியே வந்தது. அளவுக்குப் பழைய சுவரை அப்படியே நம்ப முடியாது. பாதி உளுத்தது, பாதி வளைந்தது. பெட்டிப் பலகையின் சன்னச் சில்லுகளைப் படகின் வளைவோடு ஒட்டிவைத்து, ஒன்றோடொன்று ஆணியடித்து மாதிரி எடுத்தார் ஆசாரி. கொழும்பிலிருந்து ஹல்மில்ல மரம் வந்திருந்தது. வளையும், உளுக்காது, படகுக்கென்றே பிறந்த மரம். சுவரின் ஓரம் எங்கும் ஒரே சரிவு கிடையாது. படகின் வயிறு திரும்புகிற இடமெல்லாம் சரிவும் திரும்பும். அதைச் சீவ எனக்கு இரண்டு வாரம் ஆனது. சிகரெட் தாள் என் சட்டைப்பைக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

பலப்படுத்துவது தனி. சுவரின் இரண்டு பக்கமும் தூண், மேலே உத்தரம், அடியில் படகின் நடு முதுகெலும்போடு சேர்த்து ஒரு கட்டை. நான்கையும் பித்தளை போல்ட்டால் இணைத்தோம். ஆசாரி அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார்.

"இனி இதுல யானையக் கட்டலாம்" என்றார்.

"தொரையத்தானுங்களே கட்டப் போறோம்" என்றேன்.

அன்றுதான் முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஓட்டை விஷயம் அப்போதுதான் வந்தது. பழைய சுவரை நான் எரிக்க எடுத்துக்கொண்டு போகும்போது அடியில், உளுத்த இடத்துக்கு நடுவே, ஒரு வட்டம் தெரிந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் பலகையில் ஓட்டை என்றால் எலி. ஆனால் இதன் விளிம்பில் பல் பட்ட அடையாளம் இல்லை.

"ஆசாரியாரே, இது ஆள் போட்டதுங்க. வேணும்னு துளைச்சிருக்காங்க."

அவர் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். "ஆமா. எதுக்குடா?"

"முன்னால கசியுற தண்ணி பின்னால ஓடி வர்றதுக்கா இருக்குமோ? மேல மூடியிருக்கே, முன்பக்கம் கைவிட்டு அள்ள முடியாதுங்களே. பின்னால வந்தா தகரத்தால அள்ளி ஊத்தலாம்."

ஆசாரி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "இருக்கும். இல்லாமலும் இருக்கும். தொரை பொருளு. நாம நெனச்சுப் போட முடியாது. கேப்போம்."

கேட்டோம். கேள்வி இதுதான்: பழைய சுவரில் இருந்த ஓட்டை புதிய சுவரிலும் வேண்டுமா? குழந்தைக்கும் புரியும் கேள்வி. அது படி ஏறிய அழகைச் சொல்கிறேன்.

ஆசாரி தலைத்துண்டை எடுத்துவிட்டு, "ஐயா, தொரை படகுல அடியில ஒரு ஓட்டை இருந்துச்சுங்க. அது..." என்று தொடங்கினார். "ஓட்டையா! தொரை படகுலயா!" என்று டீமேக்கர் ஐயா மிச்சத்தைக் கேட்காமலே நடந்துவிட்டார். அவர் சின்ன துரையிடம் இங்கிலீஷில் சொன்னதை ஆணி எடுக்கப் போன நான் என் காதால் கேட்டேன்: படகில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறோம். சின்ன துரை "ரைட்டோ" என்றார். பங்களாவில் ராச்சாப்பாட்டு வேளையில் சின்ன துரை பெரிய துரையிடம் என்ன சொன்னார் என்பதைப் பங்களாச் சமையல் அப்பு பிறகு சொன்னார்: "நல்லவேளை, நானே நின்று சோதித்தேன், படகின் அடியில் ஓட்டை இருந்தது." பெரிய துரை சூப்பிலிருந்து தலை தூக்காமல், "அப்படியானால் அடைக்கச் சொல்" என்றாராம்.

பதில் இறங்கியது. சின்ன துரை, "நன்றாக அடைக்க வேண்டும்" என்றார். டீமேக்கர் ஐயா எங்களிடம் வரும்போது அது, "ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாது. தொரையோட கண்டிப்பான உத்தரவு" என்று ஆகியிருந்தது.

"நாம கேட்டது அது இல்லீங்களே" என்றேன் ஆசாரியிடம், அவர் போன பிறகு.

"நாம அனுப்புனது கேள்வி. வந்திருக்கிறது உத்தரவு."

"திரும்பி ஒருக்கா கேட்டா?"

"எட்டாப்பு, ஒருக்கா ஏறி எறங்குன கேள்விய மறுபடி ஏத்தக் கூடாது. ஏத்துனா கேட்டவன எறக்கிருவாங்க. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க."

அடைத்தோம். உத்தரவு வந்துவிட்டால் எங்களைப்போல அடைக்க யாராலும் முடியாது. சுவரை வெள்ளை ஈயக் களிம்பில் பதித்து முடுக்கினோம். அதன் மேல் தேயிலைப் பெட்டிக்கு விரிக்கிற ஈயத்தகட்டை விரித்து, ஓரமெல்லாம் பற்றவைத்தோம். ஆசாரி சிகரெட் தாளை எடுத்துச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓரிடத்திலும் நுழையவில்லை. அவருக்கு அன்று வேலையில் வந்த திருப்தியை நான் கெடுக்க விரும்பவில்லை.

ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. உலர்த்தும் அறைச் சூட்டில் வாரக்கணக்காக நின்றதில் படகின் வெளிப் பலகைகள் சுருங்கி, இடுக்குகளில் வெளிச்சம் தெரிந்தது. "மரம் தாகத்துல இருக்கு. தண்ணியில போட்டா குடிக்கும், குடிச்சா ஊதி மூடிக்கும். ஆனா ஒரு வாரம் முன்னாடியே எறக்கணும்" என்றார். இந்தச் செய்தியும் படி ஏறியது. பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம் இறக்க அனுமதி இறங்கி வந்தது.

பந்தய நாள் காலையில் என்னையும் ஆசாரியையும் சுத்தியலோடு கரையில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். நடு ஏரியில் ஏதாவது உடைந்தால் கரையில் நிற்கிற சுத்தியல் என்ன செய்யும் என்று கேட்க எங்களுக்கு வழி இல்லை. சீசன் காலம். கரை நெடுகத் துரைமார், துரைசானிமார், குடைகள். நாங்கள் படகைத்தான் பார்த்தோம். அதன் மூக்கு முந்தின நாளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது.

"குடிக்குதுடா" என்றார் ஆசாரி, உதடு அசையாமல்.

தாகத்தில் இருந்த மரம் ஊதி மூடிக்கொள்ளும் முன் உள்ளே விட்ட தண்ணீரில் பின்பக்கத்ததைக் காலையிலேயே அள்ளி ஊற்றியாயிற்று, முன்பக்கத்தது அப்படியே நின்றது. பின்னால் வர வழி இல்லை. மேலே கையை விடவும் வழி இல்லை. எங்கள் வேலை அவ்வளவு சுத்தம்.

பந்தயம் தொடங்கியது. மற்றப் படகுகள் பாயை விரித்துச் சாய்ந்து ஓடின. எங்கள் துரையின் படகு எருமை தண்ணீரில் இறங்குவதுபோல மூக்கை நுழைத்துக்கொண்டு போனது. காற்று பலமாக அடிக்க அடிக்க மூக்கு இன்னும் உள்ளே போயிற்று. சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது தன் இஷ்டத்துக்குப் போனது. துரை தகரத்தை எடுத்துத் தண்ணீர் அள்ளக் குனிவதும், அள்ளத் தண்ணீர் இல்லாமல் நிமிர்வதும் கரையிலிருந்தே தெரிந்தது. அவர் இருந்த பக்கம் ஒரு சொட்டு இல்லை, உத்தரவுப்படி. ஆனால் யானையைக் கட்டலாம் என்று சொன்ன சுவர் மட்டும் முடியளவும் அசையவில்லை. கடைசியில் துடுப்புப் படகு ஒன்று போய் இழுத்துக்கொண்டு வந்தது. குடைகளுக்குக் கீழே சிரிப்பு ஓடியது.

துரை முழங்கால் வரை நனைந்து கரை ஏறினார். படகுக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு சின்ன துரையிடம் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் கேட்டார்: "சுவரின் அடியில் ஒரு ஓட்டை இருக்க வேண்டுமே, எங்கே?"

நாங்கள் ஐந்து பேரும் ஒரு பாய் விரித்தால் அடங்கும் இடத்தில்தான் நின்றிருந்தோம். ஆனாலும் படி என்றால் படி. சின்ன துரை திரும்பி டீமேக்கர் ஐயாவிடம் கேட்டார். டீமேக்கர் ஐயா திரும்பி, "ஆசாரி, ஓட்டை எங்க?" என்றார், இப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல. ஆசாரி வழக்கப்படி என் பக்கம் திரும்பி, "ஓட்டை எங்கடா?" என்றார். நானும் வழக்கப்படித் திரும்பினேன். எனக்குப் பின்னால் ஏரிதான் இருந்தது.

"தொரைதான் அடைக்கச் சொன்னாருன்னு சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

ஆசாரி டீமேக்கர் ஐயாவைப் பார்த்தார். டீமேக்கர் ஐயா வானத்தைப் பார்த்தார். சின்ன துரையின் காது பழுத்துவிட்டது. கேள்வியை மேலே சுமந்துபோன யாரும் இந்தப் பதிலைச் சுமக்கத் தயாராக இல்லை. அப்படியே விட்டால் அந்தக் கேள்வி ஆசாரியின் தலையில் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரிந்தது. பத்துச்சீட்டு என்பது அப்படித்தான் எழுதப்படுகிறது. நான் ஒரு அடி முன்னால் வந்து, ஹட்டனில் படித்த இங்கிலீஷில், எழுவாய் பயனிலை சரியாக வைத்துச் சொன்னேன்: "நீங்கள்தான் அதை அடைக்கச் சொன்னீர்கள், ஐயா."

ஒரு குடைக்குக் கீழே ஒரு துரைசானி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதுதான் கெடுத்தது.

பெரிய துரை என்மேல் கோபப்படவில்லை. டீமேக்கர் ஐயாவிடம், "இவன் எங்கிருந்து வந்தவன்?" என்றார். "மலையில் வேலை செய்கிறவர்களின் மகன், ஐயா" என்றார் அவர். "அப்படியானால் மலை" என்று துரை சுங்கானால் மலையைக் காட்டினார். அவ்வளவுதான்.

மறுநாள் பெரட்டில் என் பேர் கவ்வாத்துக்கு விழுந்தது. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுகிற வேலை அது. அட்டை ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம், ஆட்களின் வாய் ஒரு பக்கம். "கப்பக்காரத் தொரை வர்றாரு, வழி விடுங்கப்பா" என்பான் ஒருவன். "இங்கிலீசுல வெட்டுங்க தொரை, செடி மரியாதையா விழும்" என்பான் இன்னொருவன். அப்பா பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தார். நான் வெட்டாமல் விட்ட குச்சிகளைத் திரும்பி வந்து அவர் வெட்டிவிட்டுப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டறை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. பத்துச்சீட்டு வந்துவிட்டது, இல்லை வரவில்லை என்று இரண்டு விதமாகவும் சொன்னார்கள். அப்படியிருக்க ஒரு நாள் ஆசாரியே மூச்சு வாங்க மலைக்கு ஏறி வந்தார்.

"எட்டாப்பு, கத்திய வச்சுட்டு வாடா."

"என்னங்க, சீட்டு வந்துருச்சா?"

"அதவிட மோசம். உத்தரவு வந்திருக்கு. 'ஓட்டை போடு' அப்பிடின்னு. எங்க போடுறது? எவ்வளவு பெருசு? பழைய சுவரத்தான் நீ எரிச்சுப்புட்டியே. எடம் மாத்திப் போட்டா சுவரு போச்சு, சுவரு போனா நானும் போனேன்."

"டீமேக்கர் ஐயாகிட்ட கேளுங்க."

"பார்ப்போம்ங்கிறாரு. சின்ன தொரை என்னக் கண்டா வேற ரோட்டுல போறாரு. யாரும் கேக்க மாட்டேங்கிறாங்கடா. அதான் யோசிச்சேன். நீ ஏற்கெனவே தண்டனை வாங்குனவன். ஒன்ன இதுக்கு மேல எங்க ஏத்திவிட முடியும்? மலைக்கு மேல ஆகாசந்தான்."

கங்காணியிடம் சொல்லிவிட்டு அப்பா என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். "போய் நல்ல இங்கிலீசா கேளு" என்றார்.

படகு ஏரிக்கரைக் கொட்டகையில் தண்ணீரில் மிதந்தபடி இருந்தது. உள்ளே புகுந்த தண்ணீர் இன்னும் முன்பக்கத்தில் அப்படியே நின்றது. அதை எடுக்கச் சொல்லி உத்தரவு இல்லை. அன்று துரை படகைப் பார்க்கக் காரில் வருவார் என்று ஆசாரி விசாரித்து வைத்திருந்தார். வந்தார். என்னைப் பார்த்ததும் சுங்கான் வாயிலிருந்து வெளியே வந்தது. அது மலைப் பக்கம் திரும்பும் முன் நான் கேட்டுவிட்டேன்.

"ஐயா, ஓட்டை எங்கே வேண்டும்? எவ்வளவு பெரிதாக வேண்டும்?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷத் தோட்ட வாழ்க்கையில் யாரும் அவரிடம் நேராக எதையும் கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன். பதில் சொல்வது எப்படி என்று கொஞ்சம் தேடவேண்டியிருந்தது. பிறகு படகுக்குள் இறங்கி முழங்காலிட்டார். சுவரின் அடியில், நடு முதுகெலும்புக்குப் பக்கத்தில், மிகத் தாழ்ந்த இடத்தைத் தொட்டார். "இங்கே." பெருவிரலைக் காட்டினார். "இவ்வளவு."

ஆசாரியின் காதிலிருந்த பென்சிலை உருவினேன். "விரலை அங்கேயே வையுங்கள், ஐயா" என்றேன். வைத்தார். அதைச் சுற்றிக் கோடு இழுத்தேன்.

துளையூசியைத் திருகத் திருக முதலில் ஈயத்தகட்டுச் சுருள் வந்தது, பிறகு ஹல்மில்ல மரத்தூள், பிறகு ஏரி வந்தது. குழாய் திறந்ததுபோல என் கால்களுக்கு நடுவே பாய்ந்து பின்பக்கம் ஓடியது. துரையின் பூட்ஸ் நனைந்தது. அவர் நகரவில்லை. ஆசாரி தகரத்தால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். படகின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தப் பக்கம் இன்னொன்று" என்றார் துரை. அதையும் அளந்து துளைத்தேன்.

அவர் எழுந்து, சுவரை ஒருமுறை தோளால் மோதிப் பார்த்தார். அசையவில்லை. ஆசாரியின் பக்கம் திரும்பினார். "பட்டறை இரு" என்றார். கொட்டகையை விட்டு வெளியே நடந்தார்.

ஆசாரி தகரத்தைக் கீழே வைத்துவிட்டுப் படகின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்டா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? அதான் பட்டறை இருக்குன்னுட்டாரே."

"பட்டறை இருக்குங்க. எனக்கு மலையா, பட்டறையான்னு கேக்க மறந்துட்டேன்."

ஆசாரி எட்டிப் பார்த்தார். மேட்டு ரோட்டில் டிரைவர் காருக்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஸ்டார்ட் ஆகல" என்றார். "ஓடு!"

ஓடினேன்.